மலையில் இருந்தே ஆழ்கடலைப் படிக்க: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களிடமும் சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களிடமும் கடல் என்ற பேச்சை எடுத்தால், "அதற்கு இராமேஸ்வரமோ பரங்கிப்பேட்டையோ போக வேண்டும்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். மீனையும் சிப்பியையும் பார்ப்பதற்கு அது சரி. ஆனால் கடல் தன் மேற்பரப்பில் உள்ள கார்பனை எப்படி ஆழத்துக்கு அனுப்புகிறது என்ற கேள்விக்குக் கடற்கரை பெரிதாக உதவாது. கரையில் நிற்பவருக்குத் தெரிவது பரப்புதான். ஆயிரக்கணக்கான மீட்டர் இறக்கம் என்றால் என்னவென்று மேட்டுப்பாளையம் பஸ்ஸில் காதடைத்து இறங்குகிற நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த வழிகாட்டிக்கு வேண்டியவை: கண்ணாடிபோல் தெளிவான சில உயரமான பாட்டில்கள், தோட்டத்து மண், சமையல் உப்பு, ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அடுக்குக் கணக்குப் போடத் தெரிந்த கைப்பேசி. முடிந்தால் பள்ளி ஆய்வகத்தின் தராசும் நுண்ணோக்கியும்.

தொடங்குவதற்கு முன்: நடப்பது என்ன?

கடலின் மேல் நூறு, இருநூறு மீட்டரில்தான் பயன்படுமளவுக்கு வெயில் இறங்குகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள், நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பன் இப்படி உயிர்ப்பொருளாகிறது. நிலத்தில் உள்ள காடு, புல், பயிர் எல்லாம் சேர்ந்து செய்வதற்கு ஏறத்தாழ இணையான அளவு இது. இதில் பெரும்பகுதி அதே அடுக்கில் தின்னப்பட்டு, மூச்சாக வெளியேறி, மறுபடியும் கரியமில வாயுவாகிவிடுகிறது. பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரையிலான பங்கு மட்டும் கீழே நழுவுகிறது.

நழுவுவது தனித்தனி செல்லாக அல்ல. செத்த செல்கள், விலங்கு மிதவை உயிரிகளின் எச்ச உருண்டைகள், அவை உரித்துப்போட்ட ஓடுகள் எல்லாவற்றையும் ஒருவிதப் பிசின் ஒட்டவைக்கிறது. அந்தத் திரள்தான் மூழ்குகிறது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திரள்களுக்குக் கடற்பனி என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீருக்குள் இறக்கிய கலத்தின் சன்னல் வழியே இதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள்.

இந்த இறக்கம் நின்றுபோனால் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 150 முதல் 200 பங்கு வரை கூடும் என்று கணித்திருக்கிறார்கள். இப்போதைய அளவே 420 பங்கைத் தாண்டிவிட்டது என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒவ்வொரு துகளுக்கும் ஒரு போட்டி உண்டு: அது மூழ்கும் வேகம் ஒருபுறம், நுண்ணுயிர்களும் சிறு விலங்குகளும் அதைத் தின்னும் வேகம் மறுபுறம். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நாம் அளப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். எந்தப் படியிலாவது குழம்பினால் "இது வேகமா, தின்பதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: மலையை அளவுகோலாக்குங்கள்

வங்காள விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். இப்படி ஒரு பொருத்தம் கிடைத்திருக்கும்போது அதை விடக் கூடாது.

ஒரு நீளத் தாளை எடுத்து, மேல் முனையில் தொட்டபெட்டா உச்சியைக் குறியுங்கள். அதுதான் நம் கடலின் நீர்மட்டம். கீழ் முனை நாகப்பட்டினத்துக் கடற்கரை. அது நம் கடலின் அடித்தரை. நடுவில் ஊட்டி (சுமார் 2,240 மீட்டர்) ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் வரும். குன்னூர் (சுமார் 1,850) 790 மீட்டர் ஆழத்தில். மேட்டுப்பாளையம் (சுமார் 325) 2,300 மீட்டர் ஆழத்தில். கோத்தகிரிக்காரர்களும் கூடலூர்க்காரர்களும் தங்கள் ஊரைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம். பழனி மலையில் இருப்பவர்கள் கொடைக்கானலில் தொடங்கி இதே கணக்கைப் போடலாம். ஆழம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இந்தத் தாளில் வெயில் படும் பகுதியை மஞ்சளால் தீட்டச் சொன்னால் மாணவர்கள் திகைத்துப் போவார்கள். உச்சியில் ஒரு மெல்லிய பட்டைதான் மஞ்சள். ஊட்டி பஸ் நிலையமே ஏறத்தாழ இருட்டில் கிடக்கிறது. பாடப்புத்தகத்துப் படங்களில் வெயில் அடுக்கும் இருள் அடுக்கும் சம உயரத்தில் வரையப்பட்டிருப்பதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

படி 2: எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள்

1987-இல் ஜான் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் பசிபிக் கடலில் மூழ்கும் துகளைப் பிடிக்கும் பொறிகளைத் தொங்கவிட்டு அளந்த முடிவை ஒரு சிறு சூத்திரமாக வெளியிட்டார்கள். 100 மீட்டர் ஆழத்தைக் கடந்து இறங்கும் கார்பனை நூறு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் ஆழத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அறிய, அந்த ஆழத்தை 100-ஆல் வகுத்து, வரும் எண்ணுக்கு −0.858 என்ற அடுக்கைப் போட்டு, நூறால் பெருக்க வேண்டும்.

கைப்பேசிக் கால்குலேட்டரில் அடுக்குக் குறியைத் தேடிப் போட்டுப் பாருங்கள். ஊட்டிக்கு வந்து சேர்வது நூற்றில் 30 பங்கு. குன்னூருக்கு 17. மேட்டுப்பாளையத்துக்கு 7. அடித்தரைக்கு 6. இழப்பு எங்கே அதிகம் என்று கவனியுங்கள்: உச்சிக்கும் ஊட்டிக்கும் இடையிலேயே எழுபது பங்கு போய்விட்டது. குன்னூர் தாண்டிய பிறகு நீண்ட மலைப்பாதை முழுக்க இழப்பது பத்துப் பங்குதான். தின்னத் தக்கதை மேலே இருப்பவை தின்று தீர்த்துவிடுகின்றன. கீழே போகப் போக எஞ்சுவது சத்துக் குறைந்த மிச்சம்.

0.858 என்பது கடவுள் கொடுத்த எண் அல்ல. வடகிழக்குப் பசிபிக்கின் அளவைகளிலிருந்து வந்த சராசரி அது. கடலுக்குக் கடல், பருவத்துக்குப் பருவம் மாறும். 0.7 என்று போட்டால் மேட்டுப்பாளையத்துக்கு 11 பங்கு வந்து சேரும்; 1.0 என்று போட்டால் 4 பங்குதான். அந்தச் சிறு மாற்றத்துக்கே இத்தனை வேறுபாடு என்றால், உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணை வைத்துக் கணிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆழம் ஏன் முக்கியம் என்பதையும் இதே தாளில் எழுதி வையுங்கள். ஊட்டிக்கு மேலேயே தின்னப்பட்ட கார்பன், நீர் கலங்கும் பருவத்தில் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மேற்பரப்புக்கு வந்து காற்றில் கலந்துவிடும். குன்னூருக்குக் கீழே தின்னப்பட்டது மேலே வரப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். இரண்டும் கரியமில வாயுவாகத்தான் மாறுகின்றன. வித்தியாசம் எந்த இடத்தில் மாறியது என்பதில்.

படி 3: பாட்டிலில் வேகத்தை அளவிடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், இதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும்.

தோட்டத்து மண் ஒரு கைப்பிடியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நன்றாகக் குலுக்கி, 30 சென்டிமீட்டர் உயரம் நீர் நிற்கும் பாட்டிலில் ஊற்றுங்கள். மணல் சில வினாடிகளில் அடியில் கிடக்கும். வண்டல் நிமிடக் கணக்கில் இறங்கும். மேலே நிற்கும் செந்நிறக் கலங்கல் மறுநாளும் தெளியாது. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் கண்ட விதி இதற்குக் காரணம் சொல்கிறது: சிறு துகள் மூழ்கும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வண்டல் துகள் உங்கள் பாட்டிலைக் கடக்கக் கால் மணி நேரம் போதும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு ஏறத்தாழ ஒரு நாள்.

டிசம்பர் மாதத்துக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் ஒருமுறையும் வெதுவெதுப்பான நீரில் ஒருமுறையும் செய்து பாருங்கள். 20 பாகை செல்சியஸிலிருந்து 10 பாகைக்குக் குளிர்ந்தால் நீரின் பாகுநிலை கூடி, வேகம் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஆழ்கடல் நீர் இரண்டு முதல் நான்கு பாகைக் குளிரில் இருக்கிறது. அந்தக் குளிர் துகளைத் தாமதப்படுத்துகிறது, தின்னும் நுண்ணுயிர்களையும் தாமதப்படுத்துகிறது. போட்டியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாறுவதால்தான் இந்தத் துறையில் சச்சரவு ஓயவில்லை.

அடுத்து, கலங்கல் நீரை ஒரு மணி நேரம் வைத்திருந்து, மேலே நிற்பதை மட்டும் மூன்று பாட்டில்களில் சமமாகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரையுங்கள்; குவிக்காத இரண்டு மேசைக்கரண்டி போதும், கடல்நீரின் உப்பளவு அதுதான். மூன்றாவதில் தேற்றாங்கொட்டையைக் கல்லில் இழைத்துக் கலக்குங்கள். கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கலங்கிய கிணற்றுநீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் பானையின் உட்புறத்தில் தேய்த்தது இதைத்தான். இரண்டாவதும் மூன்றாவதும் முதல் பாட்டிலைவிடச் சீக்கிரம் தெளிவதைக் காணலாம். உற்றுப் பார்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி இறங்குவது தெரியும். உப்பு, துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தை மட்டுப்படுத்துகிறது. கொட்டையின் பசை துகள்களை நேரடியாகப் பிணைக்கிறது. கடலில் மிதவைத் தாவரங்கள் கசியவிடும் பிசின் செய்வது மூன்றாவது பாட்டிலில் நடக்கும் வேலை.

ஓர் எச்சரிக்கை. டோலமைட் போட்ட தேயிலைத் தோட்டத்து மண் உப்பில்லாமலே திரண்டு இறங்கிவிடும், ஏனென்றால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்று பாட்டிலும் ஒன்றுபோல் தெளிந்தால் சோதனை தோற்றதென்று நினைக்காதீர்கள். ஓடைக்கரைக் களிமண்ணை எடுத்து மறுபடியும் செய்யுங்கள்.

இப்போது மலைத்தாளுக்குத் திரும்புங்கள். டயட்டம் என்பது சிலிக்கா ஓடுள்ள மிதவைத் தாவரம். தனித்து மூழ்கும் அதன் சிறு செல்லுக்கு நாளொன்றுக்கு ஒரு மீட்டர் என்று வையுங்கள். தொட்டபெட்டாவிலிருந்து கடலடிக்குப் போக ஏழு ஆண்டு, வழியிலேயே தின்னப்பட்டுவிடும். நாளுக்கு 100 மீட்டர் இறங்கும் திரளுக்கு 26 நாள். சால்ப் என்ற கூழ்போன்ற விலங்கின் எச்ச உருண்டைகள் நாளுக்கு 1,000 மீட்டர் அளவிலும் இறங்கக்கூடியவை. அவற்றுக்கு மூன்று நாள்கூட வேண்டாம். ஆக, கார்பனை ஆழத்துக்குக் கொண்டுபோவதில் எச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மறக்கமாட்டார்கள்.

படி 4: சுமையேற்றிப் பாருங்கள்

வெறும் கரிமத் திரளின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். டயட்டத்தின் சிலிக்கா ஓடு, வேறு சில மிதவைகளின் சுண்ணாம்புத் தகடு, ஆறு கொண்டுவந்த களிமண் ஆகியவற்றின் அடர்த்தி நீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இவை கலந்த திரள் வேகமாக இறங்கும்.

குட்டையிலிருந்து பச்சைப் பாசி நீரை எடுத்து, சிறிது உப்பிட்டு இரண்டு பாட்டில்களில் பிரித்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைக் களிமண்ணைக் கரைத்து விடுங்கள். களிமண் சேர்ந்ததில் பாசி அதனோடு ஒட்டி அடியில் படியும். எல்லா வகைப் பாசியும் இதற்கு ஒத்துழைக்காது. நீந்தும் வகையும் மிதக்கும் வகையும் தப்பித்துக்கொள்ளும். அதையும் குறித்து வையுங்கள்.

படி 5: ஒரு பொறி செய்து தொங்கவிடுங்கள்

கடலாய்வாளர்கள் துகளைப் பிடிக்கப் பயன்படுத்துவதும் அடிப்படையில் திறந்த வாயுள்ள ஒரு குழாய்தான். 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயை 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மூடியால் அடையுங்கள். நீளம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கும் குறைந்தால் உள்ளே விழுந்தது சுழலில் வெளியேறிவிடும். நம்முடையது எட்டு மடங்கு, பயமில்லை. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அடர்ந்த உப்புநீரை ஊற்றுங்கள். அது கனமாதலால் அங்கேயே நிற்கும். விழுந்த துகளைப் பிடித்து வைக்கும். அழுகுவதையும் ஓரளவு தடுக்கும். குழாய் நேராக நிற்கும்படி கீழே கல்லும் மேலே மிதவையும் கட்டுங்கள்.

எங்கே தொங்கவிடுவது? காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் சேர்த்து வைக்கும் குட்டைகள் போதும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. அவலாஞ்சி, எமரால்டு, பைக்காரா போன்ற நீர்த்தேக்கங்களில் அனுமதியின்றி இறங்காதீர்கள். ஊட்டி ஏரிக்கும் முன்அனுமதி வேண்டும். குட்டையின் ஓரம் வழுக்கும், பிளாஸ்டிக் விரித்த குட்டையில் விழுந்தவர் ஏறுவது கடினம். மாணவர்களைத் தனியாக அனுப்பவே கூடாது.

ஒரு வாரம் கழித்து மெதுவாகத் தூக்கி, மேல்நீரைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, அடியில் இருப்பதை முன்கூட்டியே எடைபோட்ட வடிதாளில் வடியுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கழுவாவிட்டால் நீங்கள் நிறுப்பது உப்பை. உலர்த்தி எடைபோட்டு, கிராமை 227-ஆல் பெருக்கி, நாள்களால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் விழும் அளவு கிடைக்கும். 227 எங்கிருந்து வந்தது? குழாயின் வாய்ப் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர் அதைப்போல் 227 மடங்கு. உதாரணமாக ஏழு நாளில் 0.2 கிராம் விழுந்தால், நாளுக்குச் சதுர மீட்டருக்கு 6.5 கிராம்.

அதில் கார்பன் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கல்லூரி ஆய்வகத்தின் சூளையில் 550 பாகையில் சில மணி நேரம் வைக்க வேண்டும். எரிந்துபோன எடையைக் கரிமப் பொருளாகவும் அதில் ஏறத்தாழப் பாதியைக் கார்பனாகவும் கொள்வது வழக்கம். நம் மலையில் இதற்கு ஒரு திருத்தம் தேவை. இங்குள்ள செம்மண்ணில் கயோலினைட், கிப்சைட் போன்ற கனிமங்கள் உண்டு. சூட்டில் அவை தம்முள் பிணைந்திருக்கும் நீரை இழக்கும். எடை குறைந்ததெல்லாம் கார்பன் என்று எழுதினால் கணக்கு ஊதிப்போகும். அதனால் ஆழத்தில் தோண்டி எடுத்த, வேரும் இலையும் இல்லாத மண்ணையும் கூடவே சுட்டு ஒப்பிடுங்கள்.

குட்டையில் நீங்கள் அளந்தது கடலை அல்ல என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். மழையில் தோட்டத்திலிருந்து வழிந்த சேறுதான் அதில் பெரும்பகுதி. கற்றுக்கொண்டது முறையை.

படி 6: வங்காள விரிகுடாவின் அளவைகளோடு சேர்த்துப் பாருங்கள்

1987-இல் தொடங்கி இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் விரிகுடாவின் ஆழத்தில் இதே போன்ற பொறிகளை, பெரியவையாக, குறித்த நாளில் தானாகக் கோப்பை மாறும்படி அமைத்து நிறுத்தினார்கள். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் இதில் பங்கேற்றது. வேணுகோபாலன் இட்டெக்கோட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1991-இல் வெளியிட்ட முடிவு இன்றும் படிக்கத் தக்கது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் விரிகுடாவின் மேலே ஒரு மூடிபோல் நிற்கிறது. அடியிலிருந்து சத்து மேலே வராததால் விளைச்சல் அரபிக் கடலைவிடக் குறைவு. ஆனாலும் ஆழத்துக்குப் போகும் கார்பன் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆற்றுக் களிமண் கரிமத் திரளோடு ஒட்டிச் சுமையேற்றி இறக்கிவிடுகிறது. படி 4-இல் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

"நம் மலை மண்ணும் அங்கே போகிறதா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மோயாறும் பவானியும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. 1955 முதல் அந்த அணை பெரும்பகுதி வண்டலைப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தாண்டியது காவிரிப் பாசனத்தில் வயலில் படிகிறது. கடலைச் சேர்வது மிகச் சிறு பங்கே. கூடலூர்ப் பக்கத்து ஓடைகள் சாலியாற்றில் கலந்து எதிர்த்திசையில் அரபிக் கடலுக்குப் போகின்றன. நில வரைபடத்தை விரித்து விரலால் தொடரச் சொல்லுங்கள்.

படி 7: இந்த மூன்று குழப்பங்களைத் தவிருங்கள்

மூழ்குவது வேறு, புதைவது வேறு. மேலே உருவான கார்பனில் நூற்றில் ஒரு பங்குகூட அடிச்சேற்றில் நிலையாகப் புதைவதில்லை. புதைந்த கார்பனைப் பார்க்க விரும்புகிறவர்கள் நீலகிரிப் புல்வெளிப் பள்ளங்களின் கரிச்சேற்றைப் பற்றிப் படிக்கலாம். நீர் தேங்கி ஆக்சிஜன் எட்டாததால் அது 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே கிடக்கிறது. 1993-இல் சுகுமார் குழுவினர் அதிலிருந்துதான் தென்னிந்தியாவின் பழைய பருவநிலையைப் படித்துச் சொன்னார்கள்.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் வாயு நீரில் கரையும் வேதியியலால் நடப்பது. மூழ்கும் துகள்கள் அதற்கு முன்பே இருந்த இயற்கைச் சுழற்சி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை நாளிதழ்களிலும் பார்க்கிறேன்.

மூன்றாவது, "கடலில் இரும்பைத் தூவினால் மிதவைத் தாவரம் பெருகும், கார்பன் மூழ்கும், பிரச்சினை தீர்ந்தது" என்ற ஆசை. 2009-இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற பெயரில் தென் பெருங்கடலில் அதைச் செய்தே பார்த்தன. தாவரம் பெருகியது. ஆனால் அந்நீரில் சிலிக்கா குறைவாக இருந்ததால் ஓடுள்ள டயட்டங்கள் வளரவில்லை. வளர்ந்தவற்றைச் சிறு விலங்குகள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போனது சொற்பம். விற்பனைப் பேச்சோடு யாராவது இந்த யோசனையைக் கொண்டுவந்தால், எத்தனை மீட்டர் ஆழத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து எங்கே போவது

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மிதவைக் கருவிகளின் அளவைகளை இணையத்தில் தருகிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளின் கடல்நிறப் படங்களில் மிதவைத் தாவரங்கள் பெருகும் பருவத்தைப் பார்க்கலாம். பட்டப்படிப்பாகவே எடுக்க விரும்புகிறவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

பொறியைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒருமுறையும், மழை பிடித்த பிறகு நவம்பரில் ஒருமுறையும், பனிக்காலத்தில் ஜனவரியில் ஒருமுறையும் அதே குட்டையில், அதே ஆழத்தில் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பநிலையையும் அந்த வாரத்து மழையளவையும் எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.